ஒன்பது வினாடி

எங்கள் முதல் கேசட்டில் நான்காவது பாட்டு
இருபத்திரண்டு வினாடி.
தொண்ணூற்றாறில், ஆஸ்திராவாவில்,
மூடிப்போன சுரங்கத்தின் குளியல்கூடத்தில் பதிந்தோம்.
வேலையாட்கள் சட்டையை மாட்டிக்
கூரைக்கு இழுத்துவிடும் கொக்கிகள்
அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன.
பேஸில் கீழ்த்தந்தியை நான் தொட்டால்
நானூறு சங்கிலிக்கும் பல் கூசும்.
பிறகு காசு கொடுத்த எந்த ஸ்டூடியோவிலும்
அந்தக் கூச்சம் கிடைக்கவில்லை.

பெயர் ஹ்லுஷினா.
நிலக்கரியோடு சேர்ந்து மேலே வந்துவிடும்
ஒன்றுக்கும் உதவாத கல்.
எங்கள் பேச்சில் செவிடுக்கும் அதே வேர்.
யோசித்து வைத்ததில்லை,
போஸ்டர் அடிக்கிறவன் அவசரப்படுத்தினான்.

பதினெட்டு வருஷம்.
இரண்டு ஆல்பம்,
ஒஸாகாக்காரர்களோடு பங்குபோட்ட
ஏழங்குல இசைத்தட்டு ஒன்று
(அவர்கள் பக்கம்தான் நன்றாயிருந்தது).
சுற்றுப்பயணம் என்றால் வெண்டலினின் ரொட்டி வேன்.
லைப்சிக், கிராகோவ், ஒருமுறை ல்யூப்லியானா.
அங்கே சம்பளம்
ஒரு பானை பீன்ஸ் சூப்பும்
பனிக்கால டயர் ஒன்றும்.
டயர் நான்கு வருஷம் உழைத்தது.

போர்ஷிவோய் பகலில் பாலர் பள்ளிச் சமையல்காரன்.
கரடி மாதிரி உறுமு என்று
குழந்தைகள் அவன் ஏப்ரனைப் பிடித்து இழுக்கும்.
பாட்டு வரிகளை யாருக்கும் காட்டமாட்டான்,
உறையிலும் அச்சிடவில்லை.
நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்.
அந்த இயந்திரங்களின் சத்தத்துக்குப் பிறகு
ஒத்திகை எனக்கு ஓய்வு.

லூபோர் டிராம் ஓட்டுகிறவன்.
ஸ்னேர்மேல் ஆலங்கட்டி கொட்டும்,
முகம் மட்டும்
சிக்னலுக்குக் காத்திருக்கும்.

ஒரு குளிர்காலத்தில் அவன் மணிக்கட்டு கெடத் தொடங்கியது.
அவன் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவில்லை.
வெண்டலின்தான் ஒருநாள் கம்பியை முறுக்கியபடி
யாரையும் பார்க்காமல் சொன்னான்:
கொஞ்சம் நிதானித்தால் கனம் கூடுகிறது, இல்லையா?
கூடுகிறது என்றேன்.
போர்ஷிவோய் உறுமினான்,
ஆமாம் என்று எடுத்துக்கொண்டோம்.

நான்காவது பாட்டு இருபத்துநான்கானது.
பிறகு இருபத்தேழு.
முப்பத்தொன்று.
கத்தரித்து ஒட்டி நாற்பது பிரதி ஜெராக்ஸ் எடுக்கும்
பத்திரிகை ஒன்று
‘முதிர்ச்சி’ என்று எழுதியது.
லூபோர் அந்த வார்த்தையை மட்டும் வெட்டி
டிராமின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டான்.
நான் அதில் ஏறி வேலைக்குப் போவேன்,
அதைப் பார்க்காத மாதிரி.

கடைசி மேடை
ஒபாவாவுக்கு அப்பால் தீயணைப்பு நிலையத் திடலில்.
ஜூலை, மழை.
அறுபது பேர், பாதிப் பேர் நீச்சல் உடையில்,
அவர்கள் தலைக்குமேல்
காற்றடைத்த முதலை ஒன்று கைமாறிப் போகிறது.
லூபோர் குச்சியால் நான்கு தட்டினான்.

அது பழைய நான்கு.
சுரங்கத்து நான்கு.

என் விரல்களுக்கு அந்த வேகம் மறந்துபோயிருந்தது.
வெண்டலின் திரும்பிப் பார்த்தான்,
பார்த்ததில் இன்னும் பின்தங்கினான்.
லூபோர் இருபத்திரண்டில் முடித்தான்.
குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு
நாங்கள் வந்துசேரக் காத்திருந்தான்.
டிரம் இல்லாத ஒன்பது வினாடி.
முதல்முறையாகப் போர்ஷிவோயின் சொற்கள்
எல்லோருக்கும் கேட்டன:

பால் பொங்குகிறது
பால் பொங்குகிறது
எவனாவது அடுப்பை அணையுங்களேன்

சாவைப் பற்றியது என்றுதான்
பதினெட்டு வருஷமாக நினைத்திருந்தேன்.
முன்வரிசையில் பன்றி முகமூடிக்காரன்
சிரித்துச் சிரித்து முகமூடியைக் கழற்றினான்.
போர்ஷிவோய்க்குக் காது வரை சிவந்துவிட்டது.

எத்தனை நாளாகத் தெரியும் என்று
வேனருகே கேட்டேன்.
இருபத்துநான்கிலேயே என்றான்.
எப்போதடா சொல்வீர்கள் என்றிருந்தானாம்.
வலது கை வீங்கியிருந்தது.
கதவின் கைப்பிடியை இரண்டு முறை முயன்றான்.
மழை விட்டபாடில்லை.
நான் திறந்துவிட்டேன்.