வெண்கட்டி வட்டங்கள்

கொட்டாஞ்சேனையில் இரவு முழுக்க மழை.
விடிந்தபோது எங்கள் பள்ளிக்கூட முற்றத்தில்,
வலைப்பந்துக் கம்பத்தின் கீழே,
ஒரு குட்டை.
அதற்குள் ஒரு துண்டு வானம், ஒரு காகம்,
துறைமுகத்துப் பாரந்தூக்கியின் தலை.

முதல் மணிக்கு முன்பே ஹம்தா
கரையோரமாய் வெண்கட்டியால் கோடிழுத்தாள்.
"இதுதான் எல்லை. தண்ணீரே, தாண்டாதே!"
தண்ணீர் தாண்டவில்லை.
உள்ளே போனது.

இரண்டாம் பாடம் முடிய ஓடிப்போய்ப் பார்த்தால்
கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே
நாலு விரல் அகலத்தில் காய்ந்த தரை.
அவள் இன்னொரு வட்டம் போட்டாள்.
கணிதம் முடிய மற்றொன்று.
வட்டத்துக்குள் வட்டம்,
வெங்காயத்தைக் குறுக்கே வெட்டிய மாதிரி.

"களவு!" என்றான் டெஸ்மன்.

காகமா குடித்தது?
மூன்று மிடறு. நான் எண்ணினேன்.
மூன்று மிடறுக்கு இவ்வளவு குறையாது.
தரையா?
சீமெந்துத் தரை; குடித்தாலும் கொஞ்சம்தான் குடித்திருக்கும்.
கிருத்திஷனின் சப்பாத்தா?
காலைத் தூக்கிக் காட்டினான்.
ஈரம்தான், ஆனால் நேற்றைய ஈரம்.

வெயில் மட்டும் பேசாமல் நின்றது.
அதன் கையில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

இடைவேளைக்கு டெஸ்மன்
தோடம்பழ நிறத்தில் ஐஸ் பைக்கற் வாங்கினான்.
வாங்கில் தட்டினால் டொக் டொக்.
கல்லைப் போல் தன் வடிவத்தை விடாத கட்டி.
கொஞ்ச நேரத்தில் மூலைகள் இளகின;
பைக்குள் ஒரு சின்னஞ்சிறு செங்கடல்,
அதில் மிதந்தது மிச்சக் கட்டி.

பைக்கு வெளியேயும் துளி துளியாய் ஈரம்.
"ஓட்டை!" என்றான்.
பிதுக்கிப் பார்த்தோம். ஓட்டை இல்லை.
ஹம்தா ஒரு துளியை விரலில் எடுத்து
நாக்கில் வைத்தாள்.
"இனிக்கேல்ல."

இனிக்காவிட்டால் உள்ளேயிருந்து வரவில்லை.
உள்ளேயிருந்து வராவிட்டால் வெளியேயிருந்து.
வெளியே என்ன இருக்கிறது?
காற்று.

நால்வரும் காற்றைப் பார்த்தோம்.
ஒன்றும் தெரியவில்லை.
ஒளிந்திருக்கிறவன் தெரியவா செய்வான்?

"நீராவி தெரியும்," என்றான் கிருத்திஷன்,
"கேத்தில்ல இருந்து வெள்ளையாய் வருமே!"
சிற்றுண்டிச்சாலைக்குப் போனோம்.
"கிட்ட வராதேங்கோ, சுடும்!" ஃபிலோமினா அக்கா கத்தினார்.
எட்ட நின்றே பார்த்தோம்.
கேத்திலின் மூக்கு முடிகிற இடத்தில்
வெள்ளை இல்லை.
அரை விரல் தூரம் வெறுமை.
அதன் பிறகுதான் வெண்புகை தொடங்கியது.

அந்த வெறுமைதான் ஆவி.
வெள்ளை, ஆவி குளிர்ந்து
திரும்பவும் பொடித்துளியான பிறகு வருவது.
இதை எழுத ஹம்தாவுக்கு ஒரு பக்கம் பிடித்தது.
எழுதி முடித்து, பைக்கற்றின் வியர்வையைக் காட்டி
மெதுவாய்க் கேட்டாள்:
"இதிலே எங்கட குட்டையும் இருக்குமோ?"

டெஸ்மன் அதன் பிறகு
அந்தப் பையை இரண்டு கையாலும் பிடித்தான்.

பன்னிரண்டரைக்குக் குட்டை
ஐந்து ரூபாய்க் குற்றியளவு.
கடைசி வட்டம் போட இடமில்லை.
ஒரு புள்ளி வைத்தாள்.

களனிப் பக்கம் வானம் கறுத்தது.
காக்கைதீவுக் கடலில் உப்பை விட்டுவிட்டு எழுந்தது,
ஐந்தாம் மாடிக் கொடியில் ஒரு சேட்டிலிருந்து கழன்றது,
யாரோ ஆறவைத்த பிளேன்டியிலிருந்து போனது,
எல்லாம் அங்கே கூடியிருக்க வேண்டும்.
வீட்டுக்கு விடும் மணியும் இடியும்
ஒன்றாய் அடித்தன.

மழை!
வட்டங்கள் பாலாய்க் கரைந்து
கானுக்குள் ஓடின, கானிலிருந்து கடலுக்கு.
கம்பத்தின் கீழே மறுபடி ஒரு குட்டை.
அதுதானா இது?
தெரியாது. முகம் அதே முகம்.

பஸ் தரிப்பிடத்தில் நின்று ஹம்தா எழுதினாள்:

களவுபோன பொருள்: குட்டை ஒன்று.
எடுத்தது: வெயில். துணை: காற்று.
பிடிபட்டபோது பொருளின் நிலை: வாயு.
மாறுவேடங்கள்: திண்மம், திரவம்.
பொருள் திருப்பித் தரப்பட்டது,
கொஞ்சம் கூடவே.

கீழே கையெழுத்துப் போடும்போது
ஒரு துளி விழுந்து பெயர் ஊறிப்போனது.
அழிக்கவில்லை. சாட்சியும் ஒப்பமிட்டுவிட்டது என்றாள்.

நாளைக்கு வெண்கட்டி கொண்டுவர வேண்டியது
என் முறை.