வீட்டு எண் பதினேழு

அன்று உறைபனி.
செண்பகனூர்ப் பள்ளி மைதானம்
உப்பைக் கொட்டிக் காயப்போட்டது போல் கிடந்தது.
ஐம்பத்திரண்டு, தை பிறந்து ஒரு வாரம்.
எனக்கு மைக்குப்பி வேலை.
படி இரண்டு ரூபாய், மதியம் புளிச்சோறு.
மை உறைந்துவிடுமோ என்று
குப்பியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தேன்,
அடைகாப்பவன் மாதிரி.

எட்டரைக்கு வந்தார் கூத்தம்பாறையார்.
கார் இல்லை. அது ஆவணியிலேயே
பட்டிவீரன்பட்டிக் காப்பி வியாபாரியிடம் போய்விட்டது.
கோட்டு இருந்தது. லண்டன் தையல்.
பூச்சி தின்ற முழங்கையில்
நிறம் சேராத நூல்.
வரிசை தானாக விலகியது.
அவர் அந்த வழியே நடக்காமல்
கடைசியில் போய் நின்றார்.

அவருக்கு முன்னால் வீருமாண்டி.
சாலை போடாத காலத்தில்
தோப்பிலிருந்து கூலிப் பாதை வழியாக
நாற்காலி டோலியில், எட்டு வயசு ராஜாவை
மலைக்குத் தூக்கிவந்த தோள்களில் ஒன்று அவனுடையது.
பாதி வழியில் ராஜா அவன் தலையில் வாந்தி எடுத்ததும்
அரண்மனை அதற்கொரு வேட்டி கொடுத்ததும்
நாற்பது வருஷமாக ஊருக்குத் தெரிந்த கதை.

“முன்னாடி போங்க சாமி.”
“நீ போ.”
பெருந்தன்மை என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.
நான் வாத்தியார்.
கரும்பலகைக்கு முதலில் போகப் பயப்படும் முகம்
எனக்குத் தெரியும்.

பட்டியலில் விரல் வைத்துத் தேடினேன்.
ஸ்ரீ வல்லக்கொண்டம திருமலை முத்துச்
சின்னக் கதிரியப்ப நாயக்கர் அவர்கள்
என்று பங்களா வாசல் கல்லில் மூன்று வரி ஓடும்.
எங்கள் பள்ளி மணியிலும் அதையே வார்த்திருக்கும்.
அதிகாரி சத்தமாக வாசித்தார்:
கதிரியப்பன், தகப்பன் பெயர் கொண்டமன்,
நாற்பத்தெட்டு, ஆண், வீட்டு எண் பதினேழு.
யாரோ இருமினார்கள்.
“அது… நான்தான்” என்றார்.

ஆட்காட்டி விரலை நீட்டச் சொன்னேன்.
முத்திரை மோதிரம் கிடந்த இடம்
வெயில் படாத வெள்ளை வளையமாக இருந்தது.
நகத்தடியில் மையை இழுத்தேன்.
“எத்தனை நாள் இருக்கும்?”
“இரண்டு மாசம் என்கிறார்கள்.”
“வீட்டைவிட அதிகம்” என்றார்,
தனக்குள் கணக்குப் போடுகிறவரைப் போல.

திரைக்குப் பின்னால் ஆறு பெட்டி, ஆறு சின்னம்.
ஒன்று அவர் மைத்துனருடையது;
கதரில் இன்னும் கஞ்சி போகாதவர்.
வீருமாண்டி போனான், வந்தான்.
இவர் போனார். வரவில்லை.
திரைக்கு அடியில் பூட்ஸ் தெரிந்தது.
பெட்டி பெட்டியாக நகர்ந்தது,
சுவர் வரை போய்த் திரும்பியது,
மறுபடி முதல் பெட்டி.

வெளியே வந்து கேட்டார்:
“நீ எதில் போட்டே?”
“அதைச் சொல்லக்கூடாதாம் சாமி.”
அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இருவரும் மேட்டில் ஏறிப் போனார்கள்.
வளைவில் வீருமாண்டி நின்றான்,
மூச்சு வாங்கியது.
அவரும் நின்றார்.
கை கொடுப்பாரா என்று ஜன்னல் வழியே பார்த்தேன்.
கோட்டுப் பையிலிருந்து கை வரவில்லை.
ஆனால் நின்றார்.

சாயங்காலம் பெட்டிகளுக்கு அரக்கு வைத்தோம்.
ஒன்பது சீட்டுகள்
துவாரம் தெரியாமல் பெட்டி மேலேயே கிடந்தன,
சாமிக்கு வைத்த காணிக்கை போல.
எட்டு விரிந்து கிடந்தன.
ஒன்று மட்டும் நாலாக மடித்து,
ஓரம் ஓரத்தோடு ஒட்ட,
நகத்தால் நீவியிருந்தது.
எந்தப் பெட்டி மேல் என்று கேட்காதீர்கள்.
சத்தியம் வாங்கியிருக்கிறார்கள்.

மாசியில் பங்களா சாமான் ஏலம்.
மான்கொம்புகளை ஓட்டல்காரர் மொத்தமாக எடுத்தார்.
நான் ஏழு ரூபாய்க்கு
பித்தளைக் காற்றழுத்தமானி ஒன்று வாங்கினேன்.
முள் மழையிலேயே சிக்கிக்கொண்டது.
ஊர் சிரித்தது.
இந்த மலையில் ஒன்பது மாசம்
அது சொல்வது சரிதான்.
தையில் மட்டும்
கண்ணாடியை இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பேன்.