முப்பது வரை எண்ணவும்

ஏழு பத்துக்கு நிற்கும்.
சில நாள் ஏழு பன்னிரண்டு.
காரைக்காலில் அக்காவின் வாய் பாதி திறந்தபடி,
மூக்குத்தி மூன்று சதுரமாய்ச் சிதறி,
"விடுதலைப் பத்திரத்துல நீ ஒரு கை—"

அவ்வளவுதான்.
ரவுட்டரில் பச்சை விளக்குகள் எல்லாம் எரியும்,
காப்பியடித்த பையன்
வாத்தியாரை நேராகப் பார்ப்பது போல.

உதவி எண்ணில் ஒரு பெண் குரல்:
பிளக்கைப் பிடுங்குங்கள், மதாம்.
முப்பது வரை எண்ணுங்கள். திரும்பச் செருகுங்கள்.
பிரெஞ்சில் கேட்டுத் தமிழில் எண்ணுவேன்.
பதினேழில் கரும்பு லாரி ஒன்று
சேந்தாந்த்ரே தெருவையே உலுக்கிக்கொண்டு போகும்.
இருபத்துமூன்றில் பருப்பு பொங்கும்.
முப்பதில் செருகினால்
விளக்குகள் ஒவ்வொன்றாய் விழிக்கும்,
அதற்குள் அக்கா தூங்கப் போயிருப்பாள்.

லாரிக் கம்பெனிக் கணக்கு எழுதும் நோட்டின்
கடைசிப் பக்கத்தில் இதற்கும் ஒரு கணக்கு:

5: ஃபிரிட்ஜ் மேலிருந்து இறக்கினேன். 7:11.
8: சேனல் ஆறிலிருந்து பதினொன்று. 7:10.
9: புதுக் கேபிள், பன்னிரண்டு யூரோ. 7:14.
12: திட்டினேன். 7:10.
13: மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினேன்.
எனக்கு வியர்த்தது. 7:31!

அன்றைக்கு அக்கா கேட்டாள்:
"அதென்னடி, தினம் அந்த வார்த்தையிலேயே உறையுது?
நீயே அணைக்கிறியா?"
இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்,
உறைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆள் வந்தான்.
சட்டைப்பையில் அட்டை: ஃபப்ரிஸ் வயாபூரி.
வாங்க வையாபுரி என்றேன்.
பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று
திரும்பிப் பார்த்தான்.

நான்கு திருகு. மூடியைத் தூக்கினான்.
உள்ளே,
காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டு
இரண்டு முட்டை,
பல்மிட்டாய் அளவு, வெள்ளை வெளேரென்று.
சுற்றிலும் மிளகும் சுண்ணாம்பும் சிந்தியது போல எச்சம்.
ஒரு வால், ஆள் இல்லாமல்.

மர்குய்யா, என்று சிரித்தான். பல்லி.
இந்தத் தீவில் எங்கே சூடு இருக்கிறதோ அங்கே அதன் பிரசவம்.
சாயங்காலம் வீட்டுக்கு வீடு படம் பார்க்கிற நேரம்,
பெட்டி கொதிக்கும், மூச்சு விட வழியில்லை,
மயக்கம் போடும்.

பஞ்சாங்கத்தில் தலை, தோள், தொடை, கணுக்கால்
எல்லாவற்றுக்கும் பலன் உண்டு.
ரவுட்டரில் குடியேறினால் என்ன பலன்
என்று மட்டும் எழுதவில்லை.

புதுப் பெட்டி தந்தான். பழையது கம்பெனிச் சொத்து.
முட்டைகளை நான் கேட்டதும்
தோளைக் குலுக்கி
தீப்பெட்டியில் பஞ்சு வைத்துக் கொடுத்தான்.
அதை ஃபிரிட்ஜின் பின்னால்,
மோட்டார் சுடும் இடத்தில் வைத்தேன்.
எதற்கென்று தெரியவில்லை.

அன்று மாலை ஏழு பத்து கடந்தது.
ஏழு பதினைந்து.
அக்காவின் மூக்குத்தி ஒரே கல்லாய் மின்னியது.
அவள் பின்னால் காலண்டரில் தேதி கூடப் படிக்க முடிந்தது.
அத்தான் இருமுவது, மிக்ஸி, தெருவில் ஐஸ் வண்டி மணி
எல்லாம் துல்லியம்.

"விடுதலைப் பத்திரத்துல நீ ஒரு கையெழுத்துப் போட்டுட்டா
எல்லாருக்கும் நிம்மதி. என்ன சொல்ற?"

முழு வாக்கியம். இப்போதுதான் முதல் தடவை.
அதன் கடைசியில் ஒரு கேள்விக்குறி இருந்தது
எனக்குத் தெரியாது.

அப்பா பாகத்தில் எனக்கு வேண்டியது ஒன்றுமில்லை.
வேண்டாம் என்று எழுதித் தரவும் மனமில்லை.
இதை எந்த மொழியில் சொல்வது?

வாயைப் பாதி திறந்து
அப்படியே நின்றேன்,
கண்கூட இமைக்காமல்.

"ஏய்... கேக்குதா? போச்சா மறுபடி?"

மேசைக்குக் கீழே கையை விட்டுப்
பிளக்கைப் பிடுங்கினேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.
இருபத்தெட்டில்
ஃபிரிட்ஜ் பக்கம் ஏதோ சொன்னது,
த்ச் த்ச் த்ச்.
எந்தத் திசை என்று பார்க்கவில்லை.

முப்பத்தொன்று.
முப்பத்திரண்டு.