தயக்கக் கண்ணி

ஆத்தூர் சாலையில் ஒரு சேகோ ஆலை.
மாவெல்லாம் ஜவ்வரிசிக்குப் போனபின்
களத்தில் காய்ந்துகொண்டிருந்தது மரவள்ளித் திப்பி,
மூக்கைச் சுளிக்கவைக்கும் புளிப்போடு.
அரை மூட்டை கேட்டேன்.
"மாட்டுக்கா?" என்றார் மேஸ்திரி செங்கோடன்.
"காந்தம் பண்ண."
மாடே தேவலை என்பதுபோல் பார்த்து
எடை போட்டார்.

கருப்பூர் ஆய்வகத்தில்
காரத்தில் வேகவைத்தேன், வெளுத்தேன், அலசினேன்.
ஒரு சொட்டு அயோடின் விட்டால் நீலம்:
மாவு இன்னும் உள்ளே ஒளிந்திருக்கிறது.
மறுபடி அடுப்பு, மறுபடி அலசல்.
ஐந்தாம் நாள்தான்
சொட்டு தன் மஞ்சளிலேயே நின்றது.
நூறு கிராமுக்குப் பதினோரு கிராம் செல்லுலோஸ்,
நனைந்த பஞ்சாக, என் உள்ளங்கையில்.

இனி இரும்பு.
பச்சை உப்பு ஒரு பங்கு, மஞ்சள் உப்பு இரண்டு.
முதல்முறை மின்வெட்டு; கலக்கி நின்றுபோனது.
இரண்டாம்முறை பாதியில் நைட்ரஜன் தீர்ந்து
காற்று புகுந்து
எல்லாம் துருவாய்ப் பழுத்தது.
காந்தத்தைக் காட்டினேன்,
கடன் கொடுத்தவரைக் கண்டதுபோல்
அசையாமல் கிடந்தது.

மூன்றாம்முறை,
அம்மோனியா கண்ணைக் கரிக்க
ஒவ்வொரு சொட்டாய் விட விட
குடுவை சட்டென்று கறுத்தது.
ரிஹானா வெளியிலிருந்து காந்தத்தை ஒட்டினாள்.
கறுப்பு மொத்தமும் ஒருபக்கம் சாய,
மறுபக்கம் தண்ணீர் வழியே
ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் கஞ்சமலை.
திசைமுள் அங்கே தடுமாறும் என்பார்கள்.
அம்மோனியா கேட்காத மலை.

சாயப்பட்டறை வாய்க்காலில் மொண்ட சிவப்பில்
ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கி,
காந்தத்தால் வாரி எடுத்தோம்.
தண்ணீர் வெளிறியது.
தெளிந்தது என்று எழுத மாட்டேன்.
அறுபத்திரண்டு விழுக்காடு.

இதற்கிடையில் மூட்டையில் மிஞ்சியதை
விடுதிப் பின்வாசலில் யாருடைய மாடோ
தின்று தீர்த்திருந்தது.
செங்கோடன் கேட்டது சரிதான்.

சென்னையிலிருந்து வரைபடம் வந்தது.
புலத்தை ஏற்றினால் ஏறுகிறது,
இறக்கினால் ஏறிய தடத்திலேயே இறங்குகிறது,
எடுத்துவிட்டால்
இழுக்கப்பட்டதையே மறந்துவிடுகிறது.
பள்ளியில் மனப்பாடம் செய்த சொல்:
காந்தத் தயக்கம்.
இதற்கு அது இல்லை.
"இல்லை" என்றே எழுதச் சொன்னார் நெறியாளர்.

இரவில் நடுப்பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஏறும் கோட்டுக்கும் இறங்கும் கோட்டுக்கும் நடுவே
மயிரிழை இடைவெளி.
கருவியின் பிழையாக இருக்கலாம்.
துகள்களில் சில பருத்திருக்கலாம்.
"இல்லை"யை அடித்து
"ஏறக்குறைய இல்லை" என்று திருத்தினேன்.
அனுப்பும் பொத்தான்மேல்
விரல்
கொஞ்ச நேரம் நின்றது.