ஹத்தா வழி

இணைப்பு விமானம் பறப்பது ஐம்பது நிமிடம்.
அதற்குக் காத்திருப்பு ஒன்பது மணி நேரம்.
கணக்கு உதைத்தது.
அபு ஹைல் போய் மஸ்கட் பஸ் ஏறினேன்.

பக்கத்து இருக்கையில் செலஸ்டின்,
மார்த்தாண்டத்துக்காரர், ஸோஹாரில் வெல்டர்.
"பிளேன் கிடைக்கல்லியா?" என்றார்.
"கிடைத்தது, விட்டுவிட்டேன்" என்றதும்
என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தூங்கிப்போனார்.

எல்லையில் எல்லோரையும் இறக்கி
பெட்டிகளைத் தரையில் வரிசையாகத் திறந்து வைக்கச் சொன்னார்கள்.
நாய் வந்தது.
சோப்பு, சட்டை, குழந்தைக்கு வாங்கிய ஷூ
எல்லாம் முகர்ந்து கடந்து
என் நார்த்தங்காய் ஊறுகாயிடம் நின்று
பலமாக ஒரு தும்மல்.
கடுகடுத்த அதிகாரி
குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்.

வெளியேறும் முத்திரை விழுந்துவிட்டது,
நுழையும் முத்திரை இன்னும் விழவில்லை.
நடுவில் கொஞ்ச தூரம் மொட்டை மலை.
போனில் டவர் இல்லை.
முதலாளி கூப்பிட முடியாது,
சீட்டுக்காரர் கூப்பிட முடியாது,
நன்றாக இருக்கிறேன் என்று
யாரிடமும் நான் சொல்ல வேண்டியதில்லை.

டிரைவர் இந்த இடத்தில் மட்டும்
மெதுவாக ஓட்டியிருக்கலாம்.

செலஸ்டின் கண் திறந்தார்.
"எங்க வந்திருக்கோம்?"
"எங்கேயும் இல்லை."
"அப்ப சரி" என்று
சாய்ந்துகொண்டார் மறுபடி.