முப்பது வீசை

தராசு பொய் சொல்கிறதென்றுதான் முதலில் சண்டை போட்டேன்.
உளுந்து மூட்டை நிறுக்கும் பலகைத் தராசு.
விளையாட்டாய் ஏறி நின்றேன்:
நாற்பத்தாறு வீசை.
முத்திரை குத்திய இரும்புக் கற்களை
ஒவ்வொன்றாய் அடுக்கிச் சரிபார்த்தேன்.
தராசு யோக்கியம்.
பதினேழு வருடம் ஊரார் சரக்கை நிறுத்தவள்
அன்று மாலை புதுப் பேரேடு ஒன்றைப் பிரித்து
என் பெயரைத் தலைப்பில் எழுதினேன்.
பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம்.

முதல் நாள்
ஸ்ட்ராண்ட் ரோட்டில், ஆற்றங்கரைச் சுவரோரம்
விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டு ஓடினேன்.
நான்கு.
ஐந்தாவதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.
கன்னத்துத் தனக்கா கரைந்து வாய்க்குள் கசந்தது.
மொகிங்கா விற்கும் டோ ன்யோ
கரண்டியும் கையுமாய் எட்டிப் பார்த்து
"யார் துரத்துறாங்க, மா வடிவு?" என்றாள்.
யாருமில்லை என்றேன்.
நம்பாமல் எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

எதைக் கூட்டுவது எதைக் கழிப்பதென்று
தகராறு வரத்தான் செய்கிறது.
ஐந்தே முக்காலுக்குப் பிக்குகள் வருவார்கள்,
பாத்திரம் ஏந்தி, வரிசை கலையாமல்.
ஒதுங்கி நிற்பேன்.
நெஞ்சு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.
அந்த இரண்டு நிமிடம் ஓட்டத்தில் சேருமா?
"நின்றது" என்று தனிக் கட்டம் போட்டேன்.
கடைசியில் வரும் குட்டிப் பிக்கு
குனிந்த தலை நிமிராமலே
என் நீல நிறக் காலணியைப் பார்த்துக்கொண்டு போவான்.

எடை தூக்க ஒரு பழைய தண்ணீர்க் குழாய்,
இரு முனையிலும் பெயின்ட் டின்னில் இறுகிய சிமென்ட்.
இடப்பக்கம் கால் வீசை கூடுதல்.
வியாபாரி கை, எங்கே போகும்?
ஒரு நாள் விட்டு ஒரு நாள் திருப்பிப் பிடிக்கிறேன்.
மின்சாரம் போன இரவுகளில்
மெழுகுவர்த்திக்குப் பின்னால் சுவரில் ஒருத்தி
அதே குழாயைத் தூக்குகிறாள்.
அவளுக்கு மூச்சு வாங்குவதில்லை.

ஆனி, ஆடி.
மோல்மேன் மழைக்குக் கணக்கு வழக்கு கிடையாது.
பேரேட்டில் பன்னிரண்டு நாள் வெறும் கோடு.
பதின்மூன்றாம் நாள் பொய் எழுதினேன்:
ஓட்டம், பதினெட்டுக் கம்பம்.

இரவெல்லாம் அந்தப் பதினெட்டு உறுத்தியது.
அடித்தல் திருத்தல் எங்கள் கடையில் வழக்கமில்லை.
விடிந்ததும் கொட்டுகிற மழையில் இறங்கி
பதினெட்டையும் ஓடி அடைத்தேன்.
வட்டிக்கு ஒன்று.

புரட்டாசிக் கடைசியில்
உடம்பு நாற்பத்து மூன்றரை, கம்பம் முப்பத்தொன்று.
டோ ன்யோ இப்போது எதுவும் கேட்பதில்லை,
கிண்ணத்தில் முட்டை ஒன்று கூடுதலாய் விழுகிறது.
அதையும் எழுதி வைக்கிறேன்.

கார்த்திகையில் ஒரு வியாழன்.
குடோனில் ஆளில்லை என்று நினைத்து
அரிசி மூட்டை ஒன்றைப் பிடித்தேன்.
முப்பது வீசை.
குதிகால் தரையில். முதுகு நேரே. மூச்சு உள்ளே.
சணல் நகக்கண்ணில் ஏறியது.
காதிரண்டும் அடைத்துக்கொண்டன.
மூட்டை யோசித்தது,
பிறகு எழுந்து வந்தது, இடுப்பு வரை.

கதவருகில் சுமைகாரர் கோ தூன்.
வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கி,
"தூக்கினது தூக்கியாச்சு,
அப்படியே லாரியில போட்டுடுங்க" என்றார்.
பதினோரு எட்டு.
போட்டேன்.
அவர் ஒன்றை முதுகில் சரித்துக்கொண்டு
எதையோ முணுமுணுத்தபடி என்னைத் தாண்டிப் போனார்.
அன்றைக்கு அது அவருக்கு நாற்பத்திரண்டாவது.

இரவு பேரேட்டைத் திறந்து
வரவில் எழுதினேன்: முப்பது வீசை, ஒரு தடவை.
லாரி வரை சுமந்த கூலி மட்டும் இடிக்கிறது,
அது யார் கணக்கு?
கடைப் பேரேட்டை எடுத்து
கோ தூன் பெயரில் நாற்பத்து மூன்றென்று போட்டேன்.
விரல் மடங்கவில்லை.
மூன்று கோணலாய் விழுந்தது.