அரை

ஊரின் பெயர் காயா.
போன காரியம் பழமா என்று
இங்கே யாரையும் கேட்கக் கூடாது.

கூட்டமைப்பை விட்டு நாடு விலகிய எட்டாம் நாள்
நியாமேயிலிருந்து ஓர் உறை வந்தது சுங்கச் சாவடிக்கு.
பல்கிஸ்ஸா பிரித்தாள். பழைய அட்டவணைதான்.
வெங்காயம், தட்டைப்பயறு, உயிருள்ள செம்மறி,
பிளாஸ்டிக் வாளி, ஒருமுறை ஓடிய டயர்.
வரிசை மாறவில்லை, எழுத்துப்பிழைகூட.
வலது ஓரத்து நிரலில் மட்டும்
இத்தனை வருடம் சைபர் இருந்த இடங்களில்
வெள்ளை மை பூசியிருந்தது.
விளக்கில் பிடித்தால் தெரிந்தது ஒவ்வொரு சைபரும்,
புழுதிக் காற்றுக்குள் நிற்கும் ஆள்போல.

"எண் பிறகு வரும்" என்றார் தொலைபேசியில் மேலதிகாரி.
"அதுவரை?"
"அதுவரை நிரல் காலி."
காலிக்கு எத்தனை சதவீதம் வசூலிப்பது என்று
கேட்க வாயெடுத்தாள். இணைப்பு போய்விட்டது.

வாசலில் நாற்பத்தொரு லாரி.
சலிசுவின் லாரி ஒன்பதாவது. கால்மி வெங்காயம்,
ஊதா நிறம், பன்னிரண்டு டன், பத்தொன்பது நாள்.
சாக்கின் கண்ணிகள் வழியே முளைவிட்டு
பச்சையாய் எட்டிப் பார்க்கிறது சரக்கு.
ஒன்றை உருவி அவள் மேசையில் வைத்தான்.
"மாதிரி. பதிவு செய்யுங்கள்."
பதிவு செய்தாள்: மாதிரி எண் ஏழு.
(யாரும் அதை உரிக்கவில்லை.
கண்ணீர் பற்றி இதில் ஒரு வரியும் வராது.)

புதனன்று அமைச்சகத்தார் மூன்று பேர் வந்தார்கள்.
சைபரே இருக்கட்டும் என்றார் ஒருவர்;
நாம் அடைத்தால் அவர்களும் அடைப்பார்கள்,
வெங்காயத்தை நாமே எத்தனை தின்பது?
முப்பத்தைந்து போடு என்றார் கண்ணாடிக்காரர்;
அவர்கள் துறைமுகத்து அரிசிக்கும் தக்காளி டின்னுக்கும்
கதவைத் திறந்து வைக்கவா வெளியே வந்தோம்?
இருவர் சொன்னதும் சரியாக இருந்ததுதான் சங்கடம்.
மூன்றாமவர் வரைபடத்தை விரித்து
மேற்கே விரலை ஓட்டினார்: நட்பு நாடு வழியாக
வேறொரு கடல். ஆயிரத்திச் சொச்சம் கிலோமீட்டர் கூடுதல்.
சன்னலுக்கு வெளியே நின்ற சலிசு கேட்டான்,
"டீசலும் நமக்கு நட்புதானா?"

அந்தி மயங்கியதும் நதியில் ஓடங்கள்.
எதிர்க்கரை மலான்வில் கூப்பிடு தூரம்.
ஓடத்துக்கு இருபது மூட்டை. ஓடக்காரனுக்கு இவ்வளவு,
இந்தக் கரைச் சீருடைக்கு இவ்வளவு,
அந்தக் கரைச் சீருடைக்கும் அதே அளவு.
திரும்பும்போது சிமெண்ட், அரிசி,
ஒருமுறை யாரோ மணப்பெண்ணின் கட்டில்.
பழக்கதோஷத்தில் பல்கிஸ்ஸா கூட்டிப் பார்த்தாள்:
பதினொரு சதவீதம்.
எந்தக் கூட்டத்திலும் முடிவாகாத கட்டணம்.
எந்த இரவிலும் மாறாத கட்டணம்.

மாதக் கடைசியில் எண் வந்தது.
வரும் பொருளுக்கு: அரை.
பாதி என்றுதான் பொருள்,
அம்மிக்கும் அதே சொல் என்றாலும்.
பக்கம் பக்கமாக அரை, அரை, அரை என்று
தட்டச்சடித்து முடிக்க இரண்டு நாள்.
போகும் பொருளுக்கு: பின்னர் அறிவிக்கப்படும்.

சலிசு லாரியைத் திருப்பினான்.
மூன்றில் ஒரு பங்கு சாலையோரப் பள்ளத்தில் கிடந்து நாறியது.
மீதி எந்த வழியாய்ப் போனதென்று அவள் கேட்கவில்லை.

மாதிரி எண் ஏழை வெளியே எறிய
விதியில் இடமில்லை. மேசையில் இருக்கிறது.
முளை இப்போது ஒரு சாண்.
அறைக்கு ஒரே சன்னல், தெற்கே பார்த்தது.
அதுவும் அப்படித்தான் சாய்ந்திருக்கிறது.